உத்தரகாசிக்குப் போகும் சாலை



திண்டுக்கல் நகரம் பூமிப்படத்தில் எந்தத் தீர்க்கரேகையின்மேல் அமைந்திருக்கிறது என்று கேட்டால் நம் ஊர்க்காரர்களிலேயே பெரும்பாலோர் சற்றுத் தயங்குவார்கள். ஏறக்குறைய கிழக்கு 78 டிகிரி என்பது விடை. மலைக்கோட்டைப் பாறையின்மேல் விரலை வைத்து, அந்த ரேகையை விட்டு அதிகம் விலகாமல் நேர் வடக்கே நகர்த்திக்கொண்டு போனால், தக்காணப் பீடபூமியையும் விந்தியத்தையும் கங்கைச் சமவெளியையும் கடந்து, 20 டிகிரி அட்சரேகைத் தூரம் தள்ளி, இமயத்தின் அடிமடியில் பாகீரதி நதிக்கரையிலே அமைந்த உத்தரகாசிக்கு மிக அருகில் போய் அந்த விரல் நிற்கும். சூரியன் இந்த இரண்டு ஊர்களுக்கும் இரண்டு நிமிஷ வித்தியாசத்தில் உச்சிக்கு வருகிறான்.

அந்த உத்தரகாசியில்தான், ஜவாஹர்லால் நேருவின் நினைவாக 1965ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி தொடங்கப்பெற்ற நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. டென்சிங் நார்கே களப்பயிற்சித் தலைவராக விளங்கிய டார்ஜிலிங் நிறுவனம் 1954லேயே தோன்றிவிட்டதென்றாலும், கங்கை பிறக்கும் பிரதேசத்துக்கு அணித்தாக அமைந்த பெருமை உத்தரகாசிக்கே உரியது. எவரெஸ்டின் உச்சியை 1984 மே 23ஆம் தேதி எட்டிய முதல் இந்தியப் பெண்மணியாகிய பச்சேந்திரி பால் இங்கே பயின்றவர். அவர் பிறந்த நாகுரி கிராமமும் அந்த ஊரை அடுத்ததே. கயிற்றில் முடிச்சுப் போடுவதில் தொடங்கி, பாறையேற்றம், பனிக்கோடாலியைக் கையாளுதல், பனியாற்றின் பிளவுகளைத் தாண்டுதல் என்று படிப்படியாகக் கற்பிக்கும் 28 நாள் அடிப்படைப் பயிற்சிக்கு நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி என்ற பெண்மணி எவரெஸ்டை எட்டிய செய்தி பரவியபின், மலையேற்றம் என்பது வடக்கத்தியாருக்கே உரிய வித்தை என்ற எண்ணம் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

என் தமக்கையின் பேத்திக்கு அந்த அடிப்படைப் பயிற்சியில், வசந்தகாலத் தொகுதியிலே, இடம் கிடைத்தது. வீட்டில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மதுரையில் விமானம் ஏறினால் அன்றைக்கே டேராடூன், மறுநாள் உத்தரகாசி என்று சுலபமான திட்டம் ஒன்று உருவாயிற்று. சாலைவழியே போவதானால் தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். அலைச்சலையும் செலவையும் எடுத்துச் சொன்னவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆயினும், தேகத்தையும் மனத்தையும் திறந்தவெளிக்கு ஒப்புக்கொடுக்கப் போகிற ஒரு பெண், அந்த வெளியை மேகத்துக்குமேல் தாண்டிச் சென்று, கண்ணாடிக் கதவுகளின் வழியாகவே அதன் வாசலில் இறங்குவது தகாது என்று எனக்குத் தோன்றியது. அவளும் அதையே விரும்பினாள். அவளுடைய சிறிய தகப்பனார் காரை ஓட்ட, நான் துணையாக உட்கார, மாசி மாதத்து விடியற்காலையில் நாங்கள் புறப்பட்டோம்.

நம் ஊரை ஒட்டிச் செல்லும் நான்குவழிச் சாலைக்கு இப்போது 44 என்ற எண் வழங்குகிறது. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை நீளும் அதுவே இந்நாட்டின் மிக நீண்ட நெடுஞ்சாலை. 2010ஆம் ஆண்டில் எண்கள் மாற்றப்படும் வரையில் இதற்கு ஏழாம் நம்பர் ரோடு என்று பெயர்; அந்த ஏழாம் நம்பர் ரோடு வாராணசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்தது. ராமேசுவரத்துக் கடல்மணலை எடுத்துப்போய்க் கங்கையிலே கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து ராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்த தலைமுறைகளின் வழிவந்தவர்களாகிய நமக்கு, நம் வாசலில் ஓடிய சாலை காசிக்கே போய்ச் சேர்ந்தது என்பது நினைக்குந்தோறும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

சாலை வடக்கே திரும்பியதும் நமக்கு முதலில் துணை வருவது நம்முடைய குடகனாறுதான். கீழ்ப்பழனி மலைச்சரிவுகளில் ஊறி, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் தேங்கி, வேடசந்தூர் வட்டாரத்து மானாவாரி நிலங்களின் ஊடே, வருஷத்தில் பெரும்பகுதி மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் அந்த ஆறு, தமிழ்நாட்டின் பெரும்பாலான ஆறுகளைப்போல் கிழக்கே போகாமல் வடக்கு நோக்கிச் சென்று அமராவதியில் கலக்கிறது. ஆகவே ரங்கமலையைத் தாண்டி, அரவக்குறிச்சியின் முருங்கைத் தோட்டங்களைத் தாண்டி, கரூரில் அமராவதியையும் பரமத்திவேலூரில் காவிரியையும் கடக்கும்போது, நம் ஊர் மழைநீர் சென்ற திசையிலேயே நாமும் சென்றிருக்கிறோம். இதை நான் சொன்னபோது அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கடக்கிற ஆறுகளின் பெயர்களை வரிசையாக எழுத ஆரம்பித்தாள்.

அந்த வரிசை ஒரு சிறந்த பூகோள பாடம். தென்பெண்ணை, அனந்தபுரத்துக்கு அப்பால் பாமிடியிலே வடபெண்ணை, கர்நூலில் துங்கபத்திரை, அதற்கு மேல் கிருஷ்ணை, நிர்மலுக்கு முன்னே கோதாவரி, மகாராஷ்டிர எல்லையில் பேன்கங்கை, சிவனி ஜில்லாவில் வைன்கங்கை. இவை அனைத்தும் நேராகவோ வேறொரு நதியின் வழியாகவோ வங்காள விரிகுடாவைச் சேருபவை. நர்மதையைக் கடக்கும்போதுதான் முதன்முதலாக நீர் மேற்கே ஓடுவதைக் காண்கிறோம். அதற்கு வடக்கே பேத்வாவும் சம்பலும் நமக்கு முதுகு காட்டி, வடக்கு நோக்கி, யமுனையைத் தேடிப் போகின்றன. ஒரு தேசத்தின் நிலம் எந்த இடத்தில் முதுகு நிமிர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்பதைப் படத்தில் பார்ப்பது ஒருவிதம். சக்கரத்தின் கீழே உணர்ந்து அறிவது வேறுவிதம். கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்திலுள்ள நம் சமவெளியிலிருந்து தொப்பூர்க் கணவாய் வழியே ஏறி, 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரை அடைந்து, மறுபடியும் கர்நூலில் நம் ஊர் மட்டத்துக்கே இறங்கிவிடுகிறோம் என்று நான் கணக்கிட்டுச் சொன்னதை அவள் முதலில் நம்பவில்லை. கைப்பேசியில் பார்த்த பிறகே நம்பினாள்.

திண்டுக்கல் பக்கத்தவர்களுக்கு இந்தப் பிரயாணத்தில் இன்னொரு சலுகையும் உண்டு. நம் கிராமங்களில் வீட்டுக்குள்ளே தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. சின்னாளப்பட்டியில் தறியோசைக்கிடையே சௌராஷ்டிர மொழி கேட்கிறது. அனந்தபுரத்துத் தேநீர்க் கடையில் கிழவர் ஒருவர் பேரனை அதட்டியபோது, சாலையோரத்து எழுத்துகளைப் படிக்கத் தெரியாத அந்தப் பெண், அடுத்த தெரு நாயக்கர் வீட்டுத் தாத்தாவின் குரலைக் கேட்டதுபோல் சிரித்துவிட்டாள். உணவும் அப்படியே. கர்நாடகத்தின் கேழ்வரகுக் களியும் ஆதிலாபாத்தின் சோளரொட்டியும், ஒரு தலைமுறைக்கு முன் கம்பும் சோளமும் உண்டு வளர்ந்த நம் மானாவாரிக் காட்டு ஜனங்களுக்கு அந்நியமானவை அல்ல. மழை குறைந்த நிலங்களுக்கிடையே ஒரு சொந்தம் இருக்கிறது. அரிசிச் சோறு அருகிக் கோதுமை ரொட்டியே முதன்மையாகும் வட எல்லைக்கு மெல்ல மெல்ல வயிறு பழகியது, பின்னால் முகாமில் அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

பேன்கங்கைப் பாலத்துக்கு அப்பால் ஒரு வேப்பமரத்தடியில், டி.என். 28 என்ற நாமக்கல் எண்ணுள்ள லாரி ஒன்று தெற்குப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. எங்கள் வண்டியின் டி.என். 57ஐப் பார்த்த டிரைவர் கையைக் காட்டவே நிறுத்தினோம். "ஏனுங்கய்யா, திண்டுக்கல்லு வண்டியாட்ட இருக்குதுங்களே, இவ்வளவு தூரம்?" என்று அவர் கேட்டார். பாடியின் அடியில் பொருத்திய பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிசி, புளி, வரமிளகாய், பம்ப் ஸ்டவ் எல்லாவற்றையும் கிளீனர் பையன் எடுத்து வைத்திருந்தான், உலை கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மறுத்தும் கேளாமல் எங்களையும் சாப்பிட உட்கார வைத்தார்கள். நாகபுரியிலிருந்து ஆரஞ்சுப் பழம் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்புகிற லாரி அது. அந்தப் பெண் போகிற காரியத்தைக் கேட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பனிமேல ஏறப்போறயா பாப்பா? தண்ணிய மட்டும் ஊருக்கு ஊரு மாத்திக் குடிக்காத. வயிறு போச்சுன்னா மத்ததெல்லாம் போச்சு" என்றார்.

சோறு வேகிற இடைவேளையில் கிளீனர் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு லாரியைச் சுற்றி வந்தான். ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டுத் தட்டுவான், காதைச் சாய்த்து ஓசையைக் கேட்பான், அடுத்ததற்குப் போவான். உள்பக்கத்து டயர்களைக் குனிந்து, கையை நீட்டித் தட்டினான். ஒன்றில் ஓசை மந்தமாக வந்தது போலும். திரும்பத் தட்டினான், மூன்றாம் முறையும் தட்டினான், பிறகு டிரைவரைக் கூப்பிட்டான். அவர் வந்து தாமும் தட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகே அவன் நகர்ந்தான். ஒவ்வொரு தடவை வண்டி நிற்கும்போதும் இப்படித்தானா என்று அவள் கேட்டாள். "நிக்கற எடத்துல எல்லாமுங்க அக்கா" என்றான் பையன். இந்த நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிவரை இராப்பகலாகச் சரக்கு கொண்டு செல்லும் நாமக்கல், சங்ககிரி லாரித் தொழிலாளர்களின் ஜாக்கிரதையைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பயிற்சி முடிந்து வந்தபின் அந்தப் பெண் சொன்னாள்: பாறையில் இறங்குமுன் தன் முடிச்சைத் தானும் பார்த்து, தோழியையும் ஒரு முறை தொட்டுப் பார்க்கச் சொல்லும் விதியைக் கற்பித்தபோது, தனக்கு அந்தப் பையனுடைய கம்பியின் ஓசை ஞாபகம் வந்ததாம்.

அங்கிருந்து வடக்கே போனால் வார்தா ஜில்லாவில் ஹிங்கன்காட் என்ற ஊர் வருகிறது. பருத்தி வியாபாரத்துக்குப் பெயர்போன அந்தக் கரிசல் பூமியில்தான் வில்லியம் லாம்ப்டன் அடக்கமாகியிருக்கிறார். நான் தொடக்கத்திலே சொன்ன 78ஆம் டிகிரி ரேகையை மண்ணின்மேல் அளந்து காட்டிய மகா முயற்சி அவருடையது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தொடங்கி, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தென்னாட்டை அளந்துகொண்டே சென்றார். அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானியைத் தூக்கப் பன்னிரண்டு ஆள் வேண்டியிருந்தது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் அதை ஏற்றுகையில் கயிறு நழுவிக் கருவி மோதி நெளிந்துபோக, அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து தம் கையாலேயே அதைச் சீர்செய்தார் என்பது சரித்திரம். கன்னியாகுமரிக் கோடியிலிருந்து வடக்கே நீண்ட அந்த அளவை, சுமார் எழுபது வயதில், 1823 ஜனவரி 20ஆம் தேதி ஹிங்கன்காட்டில் அவர் உயிர் பிரிந்தபோது பாதி வழியில் நின்றது. ஜார்ஜ் எவரெஸ்ட் அதை மேற்கொண்டு டேராடூன் பள்ளத்தாக்குவரை கொண்டுசேர்த்தார். முழு அளவும் முடிய ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின. பல்லக்கு சுமந்தவர்களும், கொடி பிடித்து மலையுச்சிகளில் நின்றவர்களும், காட்டு ஜுரத்தில் மடிந்தவர்களுமாக, பெயர் எழுதப்படாத நம் நாட்டு மக்கள் எண்ணற்றோர் அந்த வேலையில் உழைத்தார்கள். இமயத்தின் சிகரங்களுக்கு உயரம் குறித்தது அந்த அஸ்திவாரத்தின்மேல்தான். வங்காளத்துக் கணித மேதை ராதாநாத் சிக்தாரின் கணக்குகளை ஆதாரமாகக் கொண்டு, உலகத்திலேயே உயர்ந்த சிகரம் 29,002 அடி என்று 1856இல் அறிவிக்கப்பட்டது. 1865இல் அதற்கு எவரெஸ்ட் என்ற பெயர் நிலைத்தது. லாம்ப்டனின் பெயர் எந்தச் சிகரத்தின் பேராகவும் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. மலையேறப் போகிறவர்கள் அந்த மனிதரை ஒரு முறையேனும் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை.

நாகபுரியோடு வழியில் பாதி முடிகிறது. அதற்கு வடக்கே பெஞ்ச் காடுகள். புரசமரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் செம்பூவாகவே நிற்கிற பருவம் அது. அந்தக் காட்டின் குறுக்கே சாலையை அகலப்படுத்தியபோது, விலங்குகளின் நடமாட்டம் தடைப்படாதபடி, மகாராஷ்டிரப் பகுதியில் மட்டும் ஒன்பது இடங்களில் சாலையைத் தூண்களின்மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அவற்றுள் நீளமானது 750 மீட்டர். அடியிலே புலி நடந்துபோவதை இந்திய வனவிலங்கு நிறுவனத்தார் காமிரா வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரச் சாலைகளில் யானைகளும் மான்களும் அடிபட்டுச் சாவதைக் கேள்விப்படும் நமக்கு, செய்ய மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பாலங்கள் சாட்சி.

அதையும் தாண்டி லக்னாதோன் என்ற சிற்றூர். பழைய ஏழாம் நம்பர் ரோடு இந்த ஊருக்கு மேல் ஜபல்பூர் வழியாகக் காசிக்குப் பிரிந்துபோயிற்று. இன்றைய 44 நேரே நர்மதையை நோக்கிச் செல்கிறது. விசேஷம் என்னவென்றால், கங்கோத்திரியில் தொடங்கி உத்தரகாசியின் ஊடே இறங்கிவரும் 34ஆம் எண் நெடுஞ்சாலை முடிவதும் இதே லக்னாதோனில்தான். நம் ஊர்ச் சாலையும் இமயத்துச் சாலையும் அந்த முச்சந்தியில் கைகோத்துக்கொள்கின்றன. நாங்கள் 44லேயே சென்றோம். சாகர், ஜான்சி, குவாலியர் என்று கோதுமை முற்றிய வயல்களின் நடுவே ஊர்கள் வேகமாக ஓடின. ஆக்ராவும் டில்லியும் எல்லோரும் அறிந்தவை.

ஹரித்வாரில் கங்கையைக் கண்டு, மலைப்பாதை ஏறி, உத்தரகாசியை அடைந்தபோது அந்தப் பெண் களைத்திருந்தாள்; ஆனால் மிரண்டிருக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாலைப் பிரயாணம் எவரையும் மலையின் உயரத்துக்குத் தயார்செய்துவிடாது. உத்தரகாசியே சுமார் 1,150 மீட்டர்தான். 3,000 மீட்டருக்கு மேல் காற்று மெலிந்த இடத்தில் உடம்பு பழகுவதற்கு, பகலில் உயரே ஏறி இரவில் கீழே வந்து உறங்கும் நிதானமான முறையன்றி வேறு குறுக்குவழி கிடையாது. அதை நிறுவனத்தார் தாங்களே கவனித்துக்கொள்கிறார்கள். சாலை செய்கிற காரியம் வேறு. மொழி புரியாத இடத்தில் வழி கேட்கவும், கிடைத்ததை உண்ணவும், குளிரில் எழுந்து தன் மூட்டையைத் தானே கட்டவும், அடுத்தவர் களைப்பைக் கண்டு வாய்விட்டுச் சொல்லாமலே உதவவும் அது பழக்குகிறது. ஒரே கயிற்றில் பிணைக்கப்பட்டு ஏறப் போகிறவர்களுக்கு இந்தக் குணங்கள் எல்லாம் தேவை. அவளோடு சேர்ந்தவர்களில் ஒருத்தி தெலங்கானாக்காரி, ஒருத்தி விதர்ப்பத்துப் பெண். இவர்கள் ஊர்கள் எல்லாவற்றையும் அவள் பார்த்துவிட்டே வந்திருந்தாள்; பேச்சுக்குக் குறைவே இருக்கவில்லை.

மலை அபாயமற்றது என்று சொல்லி நான் யாரையும் அனுப்ப மாட்டேன். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி, திரௌபதி கா டாண்டா சிகரத்தில், இதே நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழுவின்மேல் பனிச்சரிவு விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். எவரெஸ்டில் ஏறி ஆறு மாதம்கூட நிரம்பாத பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களில் ஒருவர். பெற்றோர் இந்தச் செய்தியை அறிந்தே முடிவு செய்ய வேண்டும்; போகிற பிள்ளைகளும் அறிந்தே போக வேண்டும். அறிந்தபின்பும் போகத் துணிகிறவர்களை நாம் தடுக்கலாகாது.

விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி வகுப்புகள் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் நடக்கின்றன. இடங்கள் முன்கூட்டியே நிரம்பிவிடும். வைத்தியச் சான்றும் வேண்டும். விண்ணப்பித்த நாள்முதல் விடியற்காலையில் எழுந்து ஓடுங்கள். முதுகில் பாரம் வைத்து நம் மலைக்கோட்டைப் படிகளில் ஏறி இறங்குங்கள். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கால்நடையாக ஏறிப் பாருங்கள். காட்டுக்குள் போவதானால் வனத்துறையின் அனுமதி பெற்றே போங்கள். தைப்பூசத்துக்கு நத்தம் சாலையிலும் ஒட்டன்சத்திரம் சாலையிலும் பழனி நோக்கி நடந்துபோகும் பாதயாத்திரைக்காரர்களோடு ஒரு பகல் நடந்தாலே உங்கள் கால் எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். பெற்றோரே, பயிற்சிக்குப் பணம் கட்டுகிறபோது பிரயாணத்துக்கும் சில நாட்களைச் சேர்த்து ஒதுக்குங்கள். கார் இல்லாவிட்டால் பஸ்ஸில் ஊர் ஊராக இறங்கி ஏறியும் போகலாம், ரயிலில் பகல்நேரத்து ஜன்னலோரத்திலும் போகலாம். உங்கள் பிள்ளைகள் தரைவழியாகவே போகட்டும்.